நியூட்ரலில் விட்ட வண்டி

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில், சீசன் நாட்களில் கார் நிறுத்த இடம் கொடுக்கிறவர்களில் நானும் ஒருவன். ஒரு தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். முப்பது கார் நிற்கக்கூடிய இடத்தில் ஐம்பது காரை நிறுத்திக் காட்டுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அந்தத் திமிரால்தான் ஒரு நாள் சந்தி சிரிக்க நின்றேன் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் தோப்பில் ஒரே ஒரு சட்டம்தான். வண்டியை கியரில் விடக் கூடாது, ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. நியூட்ரலில் விட்டுப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு அருவிக்குப் போய்விட வேண்டும். டயருக்கு ஒரு கல்லை நாங்கள் அண்டை கொடுத்துவிடுவோம். உள்ளே நிற்கிற வண்டிக்காரர் முதலில் குளித்துவிட்டு வந்தால், முன்னால் நிற்கிற நாலு வண்டியைக் கையாலேயே தள்ளி வழி விட்டு, மறுபடியும் பழைய இடத்துக்கே தள்ளி வைப்போம். வெளியூர்க்காரர்கள் பயப்படுவார்கள். "அண்ணாச்சி, வண்டி உருண்டுடாதா?" என்பார்கள். "தரை தட்டையா கெடக்கு, எங்கன போய் உருளப்போவுது? நீங்க போய் நல்லா தலையக் காட்டிட்டு வாங்க" என்பேன். சீசனில் ரோட்டோரம் நிறுத்துகிற உள்ளூர்க்காரர்களும் இப்படித்தான் விட்டுவிட்டுப் போவார்கள். பிரேக் போட்டுவிட்டுப் போகிறவனுக்கு எங்கள் பக்கத்தில் நல்ல பெயர் கிடையாது.

என் தம்பி வளைகுடாவில் ட்ரெய்லர் ஓட்டுகிறான். பன்னிரண்டு வருடமாகிறது. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்கு என்று வந்தவன், இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு மாதம் என்று லீவை நீட்டிக்கொண்டே போனான். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் விசா செத்துவிடும், பிறகு வேலையும் கிடையாது. கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஏழு ஐம்பதுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து டிக்கெட் போட்டிருந்தான். அந்த விமானத்தை விட்டால் அடுத்த நாள் இடம் கிடையாது என்று டிக்கெட் போட்டுக் கொடுத்த பையன் இரண்டு தடவை சொல்லியிருந்தான்.

அதே நாள் மத்தியானம் அதே ஊரில் பெரிய ஸ்டேடியத்தில் ஒருநாள் கிரிக்கெட் போட்டி. தம்பி கிரிக்கெட் பைத்தியம். வளைகுடாவில் ஒரு அறையில் எட்டுப் பேரோடு படுத்துக்கொண்டு, கையளவு போனில் ஆட்டம் பார்க்கிறவன். ஒரு ஆட்டத்தையாவது நேரில் பார்த்ததில்லை. நான் யாரிடமும் சொல்லாமல் இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டேன்.

வழக்கமாக எங்கள் வீட்டில் ஆள் வெளிநாடு போனால் வேன் பிடித்து, வீடே ஏர்போர்ட்டுக்குப் போகும். புளிச்சோறு கட்டிக்கொண்டு, வழியில் தென்மலையில் இறங்கிச் சாப்பிட்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று எல்லோரும் அழுதுவிட்டு வருவார்கள். இந்தத் தடவை வேன் வேண்டாம், நாங்கள் ரெண்டு பேர் மட்டும் என் காரில் போகிறோம், ஆட்டம் பார்த்துவிட்டு அப்படியே ஏற்றிவிடுகிறேன் என்றேன். என் வீட்டுக்காரிக்கு வந்ததே கோபம்.

"ஒங்களுக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு? கூட்டத்துல வண்டி மாட்டிக்கிட்டா என்ன செய்வியோ?" என்றாள்.

"ஏட்டி, வண்டி நிறுத்துத விஷயத்த எனக்கே சொல்லித் தாரியா நீ?" என்றேன். தம்பி பொண்டாட்டி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

காலையில் ஏழு மணிக்குக் கிளம்பினோம். ஐயப்ப சீசன். செங்கோட்டை தாண்டியதுமே எதிரில் மாலை போட்ட வண்டிகள் வரிசையாக வந்தன. வீட்டில் நாங்கள் கிளம்பும்போது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தம்பி அதை எழுப்பவில்லை. குப்புற விழப் பழகி நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. விழுந்தால் நிமிரத் தெரியாமல் அழும், இவன்தான் திருப்பிப் போடுவான். புளியரை மலை ஏறுகிற வரை அவன் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். ஆரியங்காவு தாண்டினதும் பேச்சு நின்றுவிட்டது. ஆட்டத்தை நினைத்துக்கொண்டு வருகிறான் என்று நான் நினைத்தேன். பெரிய அறிவாளி நான்.

ஸ்டேடியத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே போலீஸ் திருப்பிவிட்டது. அங்கே ஒரு கல்யாண மண்டபத்தின் மைதானத்தை அன்றைக்கு மட்டும் கார் நிறுத்த விட்டிருந்தார்கள். பதினோரு மணி. மைதானம் முக்கால்வாசி காலி. விசில் வைத்திருந்த ஆள், "சேட்டா, எவ்விட வேணெங்கிலும் இட்டோ" என்றான். எங்கே வேண்டுமானாலும் போடு என்கிறான். நான் சும்மா போடுகிற ஆளா? வாசலுக்கு நேராக, மூக்கு ரோட்டைப் பார்க்கிற மாதிரி, முதல் வண்டியாக ரிவர்ஸில் நிறுத்தினேன். நாலு மணிக்கு வந்து சாவியைத் திருகினால் நாலே காலுக்கு பைபாஸில் இருக்கலாம்.

"பாத்தியால? இதான் தொழில்" என்றேன்.

தம்பி சிரித்தான். ஸ்டேடியத்துக்குள் பை எதுவும் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் அவன் பாஸ்போர்ட், பெட்டி, கயிறு கட்டின அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் காரிலேயே வைத்தோம். நான் இறங்குவதற்கு முன்னால் கியரை எடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை அது பாட்டுக்குச் செய்தது. இறங்கி, ஒரு கல்லைத் தேடி எடுத்துப் பின் டயருக்கு அண்டை கொடுத்தேன். தம்பி அந்தக் கல்லைப் பார்த்தான். பிறகு மைதானத்தைப் பார்த்தான். அது பின்சுவர்ப் பக்கம் லேசாகச் சரிந்திருந்தது. வாயைத் திறந்தவன், "போலாம்ணே" என்றான்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் தெரியாது. தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஆள் அடித்த முதல் சிக்ஸர் எங்கள் பக்கம் வந்தபோது அவன் பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தினான், முன்பின் தெரியாத ஒரு மலையாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். ஒரு மணி நேரத்தில் தொண்டை கட்டிவிட்டது. இதற்காகவே நூறு தடவை இந்த ஊருக்கு வரலாம் என்று எனக்குத் தோன்றியது.

மூன்றே முக்காலுக்கு அவன் தோளைத் தட்டினேன்.

"இன்னும் ரெண்டு ஓவர்ணே."

ரெண்டு ஓவர் முடிந்தது.

"இவன் அம்பது அடிச்சிரட்டும்ணே."

"ஏலே, ப்ளேன் ஒனக்காக நிக்குமால? எந்திரி."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். நாலு பத்து. வெளியே வருகிற வழியில் ஒரு இடத்தில் ஷூ கயிறு கட்டக் குனிந்தான். இன்னொரு இடத்தில் தண்ணீர் பாட்டில் வாங்க நின்றான். "வெரசா வால, சவத்து மூதி" என்று ரோட்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

மைதானத்துக்கு வந்தால் என் காரைக் காணோம்.

நான் நிறுத்தின இடத்தில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. கார் போனால் மயிரே போச்சு, பாஸ்போர்ட் உள்ளே இருக்கிறது. வரிசைக்கு வரிசை ஓடினேன். மைதானம் முழுக்கக் கார். தம்பிதான் கடைசியில் கையைக் காட்டினான். "அன்னா நிக்குது பாரு."

பின்சுவரை ஒட்டி, கடைசியில் நின்றது. அதற்கு முன்னால் ஒன்றன் பின் ஒன்றாக ஆறு கார். நடந்தது என்ன என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது. பிறகு வந்தவன் ஒருவன், வாசல் பக்கம் இடம் வேண்டி என் வண்டியைக் கை வைத்துப் பார்த்திருக்கிறான். தள்ளினால் போகிறது. கல்லை உதைத்துவிட்டு, சரிவில் சுவர் வரைக்கும் தள்ளிவிட்டு, அவன் வண்டியை முன்னால் போட்டிருக்கிறான். அவனுக்கு முன்னால் இன்னொருவன். நம் ஊராக இருந்தால் அவர்களும் நியூட்ரலில் விட்டிருப்பார்கள், ஒரு நொடியில் தள்ளிவிட்டு வெளியே வந்திருப்பேன். ஒவ்வொரு வண்டியாகக் கை வைத்துத் தள்ளிப் பார்த்தேன். ஆறும் கியரில், ஆறும் பிரேக்கில். ஒன்றுகூட இம்மி அசையவில்லை. பக்கத்து வரிசைகளும் அப்படியே.

விசில்காரனைப் பிடித்து உலுக்கினேன். அவன் பாவம் ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "களி கழிஞ்ஞே வண்டி எடுக்கான் பற்றூ, சேட்டா." ஆட்டம் முடிந்தால்தான் எடுக்க முடியும். ஆட்டம் முடிய ராத்திரி ஒன்பதரை ஆகும். "பாஸ்போர்ட்டுலே, விசாலே, நாளையோட முடியுதுலே" என்று அவனிடம் தமிழில் கத்தினேன். அவன் மைக்கில் கார் நம்பர்களைச் சொல்ல ஆள் அனுப்பினான். ஸ்டேடியத்துக்குள் இருக்கிற ஆயிரக்கணக்கான பேர் போடுகிற சத்தத்தில் மைக் யாருக்குக் கேட்கும்?

மணி நாலு ஐம்பது. ஆறு ஐம்பதுக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள். தம்பி மைதானத்துச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். "என்ன செய்யதுக்குண்ணே, இனிமே ஒண்ணும் செய்ய முடியாதுல்லா" என்றான். முகத்தில் பதட்டமே இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொறுப்பு இருக்கால ஒனக்கு? புள்ள பெத்துட்ட. அதுக்கு நாளைக்கு யாருல சோறு போடுவா?"



டிக்கியைத் திறக்க இடமில்லை, சுவர் இடித்தது. பின் சீட்டு வழியாக உள்ளே ஊர்ந்து, பெட்டியையும் அட்டைப்பெட்டியையும் இழுத்து எடுத்தேன். பாஸ்போர்ட்டை என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். பெட்டியை அவன் இழுக்க, அட்டைப்பெட்டியை நான் தலையில் வைத்துக்கொண்டேன். உள்ளே முறுக்கும் நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப்பொடியும். "இத இங்கனயே விட்டுருவோம்ணே" என்றான். "அவ ஒனக்காக ரெண்டு நாளா உக்காந்து செஞ்சதுலே" என்று சொல்லி நடந்தேன்.

ரோட்டுக்கு வந்தால் ஒரு ஆட்டோ கிடையாது. ஆட்டத்துக்காக அந்தப் பக்கம் முழுவதையும் ஒருவழியாக்கி விட்டிருந்தார்கள். போனில் டாக்ஸி கூப்பிட்டோம். வருகிறேன் என்று காட்டும், இரண்டு நிமிடத்தில் ரத்து ஆகும். இப்படியே நாலு தடவை. பஸ் ஒன்று வந்தது. ஓடிப் போய் ஏறி, "ஏர்போர்ட்?" என்றேன். அது ஆட்டம் பார்க்கிறவர்களைக் கார் நிறுத்துகிற இடங்களுக்குக் கொண்டுபோய் விடுகிற பஸ். இறக்கிவிட்டார்கள். போலீஸ்காரரிடம் கேட்டால் பைபாஸ் வரை நடங்கள், அங்கே கிடைக்கும் என்றார். எவ்வளவு தூரம்? மூன்று கிலோமீட்டர்.

நடந்தோம். நடந்தோம் என்று சொல்வதே தப்பு, நான் ஓடினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் அட்டைப்பெட்டியோடு. பின்னால் பெட்டிச் சக்கரம் கடகடவென்று வருகிற சத்தம் நின்றால் திரும்பிப் பார்த்துக் கத்துவேன். ஒரு சக்கரம் கழன்றுகொண்டது என்று நின்றான். பெட்டியைத் தூக்கச் சொன்னேன். இடுப்பு வலிக்கிறது என்றான். "ட்ரெய்லர் ஓட்டுத ஒனக்கு இது கனமால? எருமை மாதிரி நடக்காத" என்றேன். அந்த ஆறு மாதத்தில் அவனை நான் ஒரு சொல் ஏசினதில்லை. அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு வருடத்துக்கும் சேர்த்து ஏசித் தீர்த்தேன். எனக்கு அவன் மேல் கோபமில்லை. என் மேல்தான். கியரை எடுத்துவிட்ட என் கையை வெட்டிப் போட வேண்டும் போல இருந்தது. இவன் வேலை போனால் ஊர் முழுக்க, ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போய் தம்பி பிழைப்பைக் கெடுத்தவன் என்று என்னைத்தான் சொல்லும். அதைவிட, தம்பி பொண்டாட்டி முகத்தில் எப்படி முழிப்பேன்?

பைபாஸுக்கு வரும்போது மணி ஐந்து ஐம்பது. அங்கேயும் டாக்ஸிகள் நிற்காமல் போயின. நான் தலைச்சுமையோடு ரோட்டுக்குள்ளேயே இறங்கிக் கையை விரித்து நின்றுவிட்டேன். காலித் தண்ணீர் கேன்கள் ஏற்றிவந்த ஒரு சரக்கு ஆட்டோ என் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் பிரேக் அடித்தது. ஓட்டினவர் பெரியவர். மலையாளத்தில் நன்றாக ஏசினார். ஏசி முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு பாஸ்போர்ட்டை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "ஏர்போர்ட், ஏழு மணி, ஏழு மணி" என்றேன். அவர் தம்பியைப் பார்த்தார். கயிறு கட்டின அட்டைப்பெட்டியைப் பார்த்தார். கேரளத்துக்காரருக்கு வளைகுடா போகிறவன் பெட்டியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "கேறு" என்றார்.

ஏறினோம். கேன்களுக்கு நடுவே குந்திக்கொண்டோம். அவர் பைபாஸை விட்டு இறங்கி, சந்துகளுக்குள் புகுந்து போனார். ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆறு பதினைந்து, ஆறு பதினெட்டு, ஆறு இருபது. ரயில் வரவே இல்லை. என் வாயில் கடவுள் பெயரைத் தவிர வேறெதுவும் வரவில்லை. தம்பி ஒரு கேனை மடியில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ரயில் வந்து போய், கேட் ஏறினதும் நான்தான் கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆறு நாற்பத்து மூன்றுக்கு வாசலில் இறங்கினோம். பெரியவர் காசு வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நான் அட்டைப்பெட்டியை டிராலியில் ஏற்றி, பாஸ்போர்ட்டை அவன் கையில் திணித்து, முதுகில் கை வைத்துத் தள்ளினேன். "ஓடு, ஓடுலே." ஒரு வார்த்தை நன்றாகப் பேசவில்லை. வேனில் வந்திருந்தால் கட்டிப் பிடித்திருப்பார்கள், திருநீறு பூசியிருப்பார்கள். நான் தள்ளிவிட்டேன். காவலாளி பாஸ்போர்ட்டைப் பார்த்து உள்ளே விட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் ஒரு தடவை திரும்பினான், அப்புறம் கூட்டத்தில் தெரியவில்லை.

தூண் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தேன். ஏழு பத்துக்குப் போன் வந்தது.

"போட்டாச்சுண்ணே. கவுண்டர்ல கடைசி ஆளு நாந்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "தம்பி, மன்னிச்சிரு. எல்லாம் என்னாலதான். அந்தப் பாழாப்போன நியூட்ரல்ல விட்டு ஒன் பொழப்பையே கெடுக்கப் பாத்தேன். கோட்டிப்பய நான்."

அந்தப் பக்கம் விமானம் போகிற அறிவிப்பு கேட்டது.

"நீ கியர எடுத்துவிட்டத நான் பாத்தேண்ணே."

"என்னது?"

"பாத்தேன். தரை சரிஞ்சு கெடந்ததையும் பாத்தேன். பன்னெண்டு வருஷமா வண்டி ஓட்டுதேன், எனக்குத் தெரியாதா? இங்கன அப்படி விட்டா தள்ளிருவான்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லல."

ஷூ கயிறும், தண்ணீர் பாட்டிலும், கழன்ற சக்கரமும், சுவரில் சாய்ந்து நின்ற நிற்பும் எல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது.

"நானா போகலன்னு வீட்டுல எப்படிண்ணே சொல்ல முடியும்? ஒன்னால தவறிப்போச்சுன்னா என்னைய யாரும் ஏசமாட்டாவல்லா. பாப்பா இப்பந்தான் குப்புற விழுதா."

தலையில் சுமையோடு ஓடிக்கொண்டே நான் சொன்ன அத்தனை சொல்லும் திரும்ப என் காதில் விழுந்தது. பொறுப்பு இருக்கால என்று கேட்டதும் விழுந்தது.

"ஏலே, போகப் பிடிக்கலன்னு ஒரு வார்த்த வாயத் தொறந்து சொல்லியிருந்தா, நான் அந்த மைதானத்த விட்டு ஒரு எட்டு எடுத்து வச்சிருக்க மாட்டேனேலே" என்றேன்.

"தெரியும்ணே. அப்பம் நானா போகாம நின்னதால்லா ஆயிரும். அதனாலதான் சொல்லல" என்றான். பிறகு, பாப்பாவுக்குப் பசும்பால் இப்போதே கொடுக்க வேண்டாம் என்று அவன் பொண்டாட்டியிடம் சொல்லச் சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.